மாமாவின் காருக்கு நான் கூட்டிக் கொடுத்த முப்பது மைல்

நான் எதையும் எண்ணுகிற ஆள். ஏறும் படி, பந்தியில் இருக்கும் தலை, போத்தலில் மிச்சமுள்ள மருந்துக் குளிசை, பேரப்பிள்ளைகள் சாப்பிட்ட பேரீச்சம்பழத்தின் கொட்டை, எல்லாம் என் கணக்கில் இருக்கும். (கொட்டையை ஏன் எண்ணுகிறீர்கள் என்று சிரிக்கிறார்கள். ஒன்றை விழுங்கிவிட்டால் யார் பொறுப்பு?) இப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளை எண்ணாமல் விட்டேன். அது சுண்டுவிரல் நகம் அளவிலான ஒரு பல்சில்லு, பல் வைத்த சின்னச் சக்கரம். அதற்கு எத்தனை பல் என்று பார்த்திருந்தால், என் மனைவியின் தங்கை நஸீமாவின் கல்யாணப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டபாட்டைப் பட்டிருக்காது.

எழுபதுகளின் கடைசி. ஜப்பான் வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். நான் சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் பகுதியில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நான் கணித ஆசிரியன், ஒரு பட்டமும் வைத்திருந்தேன். ஆனால் என் மனைவி ஹபீபாவின் வாப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, நான் வீட்டுக்குப் புதிதாக வந்த அலுமாரி மாதிரி. இடித்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டு போவார். எனக்குச் சொல்லவேண்டியதை மாமியிடம் சொல்வார். மாமி ஹபீபாவிடம் சொல்வார். ஹபீபா கொஞ்சம் காரம் சேர்த்து என்னிடம் சொல்வாள்.

மாமா இஸ்மாயில் போடியாருக்கு வயலும் தோப்பும் இருந்தன. ஒரு பழைய இங்கிலாந்துக் காரும் இருந்தது. தொழுகையிலும் காரிலும் அவர் அணுவளவும் விட்டுக்கொடுக்கமாட்டார். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் காரின் மைல் மீற்றர். தூரப் பயணம் போகிறவர்கள் நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். இரண்டு வேளைத் தொழுகையைச் சேர்த்தும் தொழலாம். எங்கள் மௌலவியின் கணக்குப்படி அதற்கு ஐம்பது மைலுக்குச் சற்று மேலே போகவேண்டும். மாமா எங்கே புறப்பட்டாலும் மீற்றரைப் பார்ப்பார். போய் இறங்கும்போது மறுபடி பார்ப்பார். மைல்கல்லை நம்பமாட்டார். "கல்ல நட்டவன் நம்மட ஆள். மீற்றர செஞ்சவன் வெள்ளக்காரன்" என்பார்.

அந்த மீற்றர் ஒருநாள் செத்துப்போனது. முள் அசையவில்லை, எண்களும் நகரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஸீமாவுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போக நாள் குறித்திருந்தார்கள். பையன் தாஜுதீன், அக்கரைப்பற்றுக்கும் தெற்கே ஓர் ஊர். (ஊர்ப் பெயரைச் சொன்னால் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் கோபிப்பார்கள்.) நல்ல பையன், அரசாங்க வேலை. வாப்பா இல்லை, உம்மாவுக்கு ஒரே பிள்ளை. பெண் வீட்டுக்குத்தானே பிள்ளை குடிபோகப்போகிறான், அது எவ்வளவு தூரம் என்பதுதான் அந்த உம்மாவின் ஒரே கவலை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

கராஜில் கேட்டார்கள். பழைய காருக்குச் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், ஒரு மாதமாகும் என்று பதில் வந்தது. மாமா விறாந்தையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"நான் திருத்தித் தாறன் மாமா."

பின்னால் நின்ற ஹபீபா மெதுவாகக் கேட்டாள்: "மிசின் ஊசிக்கி நூல் கோக்கத் தெரியாது ஒங்களுக்கு. என்னத்த திருத்தப் போறீங்க?"

"எல்லாம் பல்சில்லுக் கணக்குத்தான் புள்ள."

சனிக்கிழமை காலை, முற்றத்தில் பாயை விரித்து வேலையைத் தொடங்கினேன். ஆயுதங்கள்: வெண்ணெய்க் கத்தி, மாமியின் கத்தரிக்கோல், ஹபீபாவின் தலைக் கிளிப், தையல் மெஷின் எண்ணெய். டேஷ்போர்டைக் கழற்றி மீற்றரை வெளியே எடுத்தேன். கழற்றிய ஆணிகளைப் பீங்கானில் போட்டு எண்ணினேன்: பதினொன்று. மீற்றரின் வயிற்றைத் திறந்ததும் ஒரு கம்பிச்சுருள் எகிறிக் காதருகே பறந்தது. எண் எழுதிய சில்லுகள் பாயில் உருண்டன. எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு வரிசையில் வைத்தேன். ஒரு சின்னப் பல்சில்லு மட்டும் பாயை விட்டு மண்ணில் விழுந்தது. நான் கையை நீட்டுவதற்குள் மாமியின் சிவப்புக் கோழி அதைக் கொத்தி விழுங்கிவிட்டது.

கோழியை அறுக்கலாம் என்று யோசித்தேன். அறுத்தால் மாமியிடம் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் அது மாமாவின் காதுக்குப் போகும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த அலாரம் மணிக்கூடு அலுமாரியில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். கோழி தின்றதைப் போலவே ஒரு பல்சில்லு உள்ளே மினுங்கியது. எடுத்துப் பொருத்தினேன். அளவு சரி, துளை சரி. பல்லைத்தான் எண்ணவில்லை. (எண்ணியிருந்தாலும் எதனோடு ஒப்பிடுவது? அசல் கோழிக்குள் இருந்தது.)

பூட்டி முடித்தபோது பீங்கானில் இரண்டு ஆணிகள் மிஞ்சின. அவை அவ்வளவு அவசியமில்லாத ஆணிகள் என்று முடிவெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாமா காரை வீதியில் ஒரு வட்டம் ஓட்டினார். முள் ஆடியது. ஒரு மைல் போனதும் ஓர் எண் நகர்ந்தது. "புதுசு மாதிரி மாமா" என்றேன். அவர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்:

"மருமகன்ட கையில வேல இரிக்கி."

அன்று நான் சோறு தின்னாமலே வயிறு நிறைந்துவிட்டேன்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் மாமியும் ஹபீபாவும். மீற்றரின் கடைசி இரண்டு எண்கள் 02. மாமா அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தார். காரைதீவு கழிந்தது. நிந்தவூர் தாண்டியதும் 09 வந்தது. அடுத்து 10 வரவேண்டும்.

20 வந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருபதுதான். பிறகு 21, 22 என்று நல்ல பிள்ளையாகப் போனது. அக்கரைப்பற்றுத் தாண்டி 29க்குப் பிறகு 40க்குப் பாய்ந்தது. மணிக்கூட்டுச் சில்லு ஒவ்வொரு பத்திலும் இன்னொரு பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் "மருமகன்ட கையில வேல இரிக்கி" என்ற வார்த்தைக்கு அப்போதுதான் ஒருநாள் வயது. அதை எப்படி நானே கொல்வது? மாமா மறந்துவிடுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். (மாமா தன் வாழ்நாளில் மறந்தது எதுவுமில்லை.) வழியில் ஒரு பாலம் உடைந்திருந்ததால் வயல் பாதையால் சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். வழியில் 49உம் 60க்குப் பாய்ந்திருந்தது. இறங்கும்போது எண் 63.

"அறுவத்தொரு மைல்! சுத்துப் பாதை இவ்வளவு இழுத்துட்டு" என்றார் மாமா வியப்போடு.

பையனின் உம்மா திரைக்குப் பின்னால் இருந்தார். சபையை நடத்தியவர் அவருடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், ஓய்வுபெற்ற றோட்டு ஓவசியர். கதவுநிலை அளவு உயரமான மனிதர். மதியத் தொழுகையான லுஹர் நேரம் வந்ததும் பாய் விரித்து, விருந்தாளி என்ற மரியாதைக்கு மாமாவையே தொழுவிக்க முன்னால் நிறுத்தினார்கள். மாமா இரண்டு ரக்அத் தொழுது முடித்து, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாங்க முசாபிர், பிரயாணிகள். நீங்க மிச்சத்தத் தொழுதுடுங்க." பிறகு எழுந்து பின்னேரத் தொழுகையான அஸரையும் இரண்டு ரக்அத்தாகச் சேர்த்துத் தொழுதார்.

ஓவசியர் மிச்சத்தைத் தொழுது முடித்து, தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:

"போடியார், கொழும்பிலயிருந்தா வாறீங்க?"

"கல்முனையிலயிருந்து."

"கல்முனையிலயிருந்து இஞ்ச வாற ஆள் எப்பிடி முசாபிராகுற? நேர் றோட்டால இருவத்தெட்டு மைல். பாலத்தச் சுத்தி வந்தாலும் முப்பத்தொண்டு."

"அறுவத்தொண்டு."

"ஆரு சொன்ன?"

"மீற்றர் சொன்ன."

"அந்த றோட்டு மைல்கல்லெல்லாம் நட்டவன் நான்!"

"களைச்சிருப்பீங்க. அரைவாசியில உட்டிருப்பீங்க" என்றார் மாமா அமைதியாக.

திரைக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது. பையனின் உம்மா. "அறுவத்தொரு மைலா! என்ட வாப்போ! காக்கா, முப்பது எண்டுதானே சொன்னீங்க! கலியாணத்த முடிக்கிறத்துக்காக அரைவாசித் தூரத்த ஒளிச்சிட்டீங்களே! என்ட புள்ள காய்ச்சலெண்டு கிடந்தா நான் எப்ப போய்ச் சேருற?"

"தங்கச்சி, அல்லாவறிய முப்பத்தொண்டுதான்!"

"அப்ப அந்த மனுசன் தொழுகையிலயா பொய் சொல்றார்?"

ஓவசியர் திரையைப் பார்த்துக் கையை விரித்தார். மாமாவின் முகம் சிவந்தது. மாமி உள்ளே விம்மத் தொடங்கியது கேட்டது. சர்பத் தட்டோடு வந்த தாஜுதீன் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்போது ஹபீபா திரைக்கு அப்பாலிருந்து இருமினாள். மூன்று மாதத்தில் அவளுடைய இருமல்களை நான் வகைபிரித்து வைத்திருந்தேன். இது 'இப்ப எழும்பாட்டி நீங்க ஆம்புளயே இல்ல' என்கிற வகை.

எழும்பினேன். "மாமா, மீற்றர் பிழை. பத்துக்கு இருவது பாயுது. நான் திருத்தினதாலதான்."

"புதுசு மாதிரி எண்டீங்க."

"ஓம் மாமா."

"எப்ப தெரியும்?"

"நிந்தவூர் தாண்டின உடன."

திரைக்குப் பின்னாலிருந்து உம்மா சொன்னார்: "பாவம், காக்காட மானத்தக் காப்பாத்த மருமகன் பொடியன் பழியத் தன்ட தலையில போடுறான்." என்னை ஒருவரும் நம்பவில்லை!

"கார எடுங்க" என்றார் ஓவசியர். "உடைஞ்ச பாலம் மட்டுக்கும் மூண்டரை மைல். போய்த் திரும்பினா ஏழு. பாத்துடுவம்."

போனோம். முதல் மைல்கல் வந்தது. மீற்றர் சரியாக ஒன்று நகர்ந்தது. மாமாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாவது கல், இரண்டாவது எண். மூன்றாவதும் அப்படியே. மீற்றர் தன் வாழ்நாளில் அன்றைக்குப் போல ஒழுங்காக ஓடியதில்லை. ஓவசியர் பின்னால் திரும்பி என்னை முறைத்தார்.

"ஏன் மனே, நல்ல மீற்றரப் பிழையெண்டு சொல்ற நீங்க?"

"சத்தியமா நான் கெடுத்துட்டன் காக்கா! நம்புங்க! ஒம்பது முடியட்டும்!"

ஒரு மனிதன் தன்னுடைய மடத்தனத்துக்காக இவ்வளவு மன்றாடியதை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

பாலத்தில் திரும்பி வீட்டு வாசல் கடப்படிக்கு வந்தோம். எண் 69. ஒன்பது பாதி உருண்டு, மேலும் இல்லை கீழும் இல்லை என்று நின்றது. "இன்னங் கொஞ்சம் உடுங்க" என்றார் ஓவசியர். மாமா காரை வளவுக்குள் விட்டார். கோழிகள் சிதறின. இன்னும் கொஞ்சம். நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்த அடுப்புக் கொட்டிலை நோக்கிக் கார் ஊர்ந்தது. சமையற்காரர் அகப்பையோடு ஓடினார். "என்னகா இது, கார அடுப்பில ஏத்தப் போறாங்களா?" என்று ஒரு பெண் கத்தினாள். சோற்றுக் கிடாரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது 'கிளிக்' என்றது.

80.

"பாஞ்சிட்டு!" என்று ஓவசியர் பின்னால் கையை நீட்டி என் தொடையில் அடித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் நானும் "பாஞ்சிட்டு!" என்று கத்தினேன். பிறகுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

மாமா காரை நிறுத்தினார். இறங்கினார், கிணற்றடிக்குப் போனார், கைகால் முகம் கழுவி ஒழுச் செய்தார், பாயைத் தானே விரித்தார். அத்தனை பேரும் பார்த்திருக்க லுஹரை நான்கு ரக்அத்தாக மறுபடி தொழுதார். எழுந்ததும் ஓவசியரின் கையைப் பிடித்து, "ஒங்கட கல்லு சரி" என்றார். வாழ்க்கையில் மாமா தோற்றேன் என்று சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

திரை அசைந்தது. "காக்கா, அப்ப முப்பத்தொண்டுதானா?"

"முப்பத்தொண்டுதான் தங்கச்சி. பாலம் கட்டினா இருவத்தெட்டு."

"அட, கிட்டத்தானே! வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம புள்ள வந்துட்டுப் போவானே!"

பலர் சுற்றியிருந்து தின்னும் பெரிய சவனில் சோறு வந்தது. நாள் குறித்துவிட்டுத்தான் எழும்பினோம். கல்யாணத்தன்று ஓவசியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அண்டைக்குக் காலையில தங்கச்சி என்னிட்ட சொன்ன, முப்பது மைலெண்டா மாட்டன், வாறவங்களுக்குச் சோத்தக் குடுத்து அனுப்பிடுங்க எண்டு. அறுவதக் கேட்டு அழுத பொறகுதான் முப்பது அவக்குப் பக்கத்து வளவாப் போன."

இந்தச் செய்தியை நான் உடனே மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் மாமியைக் கூப்பிட்டார். மாமி ஹபீபாவிடம் சொன்னார். ஹபீபா என்னிடம் வந்து சொன்னாள்: "நல்ல விசயமாம். ஆனா காருக்குப் பத்தடி தள்ளியே நிக்கட்டாம்."

தாஜுதீன் இன்று எங்களுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். என்னை மச்சான் என்று கூப்பிடுவார். கல்யாணத்துக்கு நானூறு பேர் வந்தார்கள் என்று யாராவது சொன்னால், "சரியான நானூறா, மச்சான்ட நானூறா?" என்று கேட்பார். பிடித்த மீனின் நீளம், பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளி, வைத்தியர் சொன்ன சீனி அளவு, எதற்கும் இந்தக் கேள்விதான். குடும்பம் முழுக்க அதைப் பழகிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மைல் என்றால் என்னவென்றே தெரியாது, மச்சான்ட மைல் தெரியும்.

இப்போது எனக்கு எழுபத்தொன்பது வயது. பள்ளிவாசலில், கடைத்தெருவில், பேரனுடைய சிநேகிதர்களிடம்கூடத் தாஜுதீன் சொல்லித் திரிகிறார்: "மச்சானுக்கு வாற வருசம் தொண்ணூறு." எண்பதுதான் என்று நான் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மச்சான், இது எந்த மீற்றர்ல எடுத்த?"