குழிக்குள் கிடந்த டைமண்டு

பேசாமல் இருக்கிறவனை ஊர் விவரமானவன் என்று நம்பிவிடும். நாற்பத்தி நாலு வயது வரை நானும் அந்த நம்பிக்கையில்தான் பிழைத்தேன். ஒரு துணி வந்து அதைக் கெடுத்தது.

நான் நெசவாளி. வடசேரிப் பக்கம் வீடு. வீட்டோடு ஒரு குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதித்தால் துவர்த்து வரும். (குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) இருபது வருஷம் அது ஒன்றைத்தான் நெய்தேன். வேறு ஏதாவது கேட்டால் "பாப்போம்" என்பேன். பார்த்ததில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் உழைப்பில் ஒன்றைக் கொண்டு வைப்போம். வாழைக்குலை, தேங்காய், சேவல். நான் துவர்த்து. 2016இல் எஸ்தர் அக்கா அதைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அவர் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம்.

"என்னடே தங்கராசு, இந்த வருஷமும் துவர்த்துதானா? ஆண்டவருக்கு இன்னும் தலை தோர்த்தி முடியலியா?"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி ஜெபமணி எழுந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் பீடத்துக்கு விரிப்பு எங்க வீட்டுலேருந்தாக்கும். செவப்பு. டைமண்டு போட்டது."

டைமண்டு வடிவக் கட்டம் வரும்படி நெய்ய எனக்குத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு நடக்கும்போது, "நெய்வியளா?" என்றாள்.

"பாப்போம்."

"பாக்கதுக்கொண்ணும் இல்ல. நான் சபையில சொல்லியாச்சு."

அடுத்த பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மச்சினன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த போனில் அவளே தேடி ஒரு வகுப்பைப் பிடித்தாள். கோயம்புத்தூர் டீச்சர் ஒருவர் நெசவு வேலைப்பாடுகளை இணையத்தில் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை தோறும், ஆறு வாரம். போனைத் தறிக்கு எதிரே தூணில் நூலால் கட்டினோம். திரையில் இருபது முகம். எல்லாம் படித்த பெண்கள். எல்லாரிடமும் மேசைமேல் வைக்கிற சின்னத் தறி. (என் தறியை மேசைமேல் வைத்தால் மேசை இருக்காது.)

டீச்சர் கட்டம் போட்ட தாளைக் காட்டினார். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பாவு நூலைப் பிரித்துப் பிடிக்கிற கண்ணிகளின் வரிசையை விழுது என்போம். என் தறியில் இரண்டு விழுது. டைமண்டுக்கு நாலு வேண்டும். எந்த நூல் எந்த விழுதில், எந்த விழுது எப்போது அசையும், எல்லாம் அந்தக் கட்டத்தில் இருந்தது. கறுப்புக் கட்டம் என்றால் அசை. வெள்ளை என்றால் சும்மா இரு. மூன்று நாளில் நாலு விழுதும் கட்டிவிட்டேன்.

"புரிஞ்சுதா அண்ணா?" என்பார் டீச்சர். தலையாட்டுவேன்.

"சந்தேகம் இருந்தா மைக்கை ஆன் பண்ணிக் கேளுங்க." அதற்கும் தலையாட்டுவேன்.

மூன்றாம் வாரம் டீச்சர் மற்றவர்களிடம், "அண்ணா எவ்வளவு அமைதியா கவனிக்கிறார் பாருங்க" என்றார். ஒரு மனுஷன் கெட அது போதும். அதற்குமேல் நான் எப்படிக் கேட்பேன்?

நீளவாக்கில் வெள்ளைப் பாவு. குறுக்கே சிவப்பு ஊடை. டீச்சருடைய துணியில் சிவப்பு செம்பருத்திபோலப் பூத்துக் கிடந்தது. என் துணியில் வெள்ளைதான். அங்கங்கே சிவப்பாய்ச் சில கீறல். காலில் சாயம் ஒட்டிய கோழி நடந்த மாதிரி. ஒரு முழம் நெய்தேன். பார்த்தேன். நூல் வீணாகக்கூடாது என்று ஒவ்வொரு இழையாய்ப் பிரித்தேன். மறுபடி நெய்தேன். மறுபடி கோழி. மறுபடி பிரித்தேன். மூன்றாம் தடவையும் அதே கோழி. போனைத் துணிப்பக்கம் திருப்பவே இல்லை.

கடைசி வகுப்பு. பண்டிகைக்கு எட்டு நாள். எனக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது, பிறகு ஒரு பெரிய துவர்த்தாக நெய்து பீடத்தில் விரிப்பது என்று முடிவு செய்தேன். முதல்முறையாக மைக்கை ஆன் செய்தேன்.

"டீச்சர்..."

அந்நேரம் ஜெபமணி விரட்டிய கோழி (இது நிஜக் கோழி) பறந்து வந்து என் குழிக்குள் விழுந்தது. அவள் பின்னாலேயே இறங்கித் துணிக்கு அடியில் நுழைந்தாள். கோழி கத்தியது. குழிக்குள்ளிருந்து ஜெபமணி கூப்பிட்டாள்.

"என்னங்க."

"என்ன?"

"இஞ்ச கீழ டைமண்டு கிடக்கு."

நம் வீட்டில் ஏது டைமண்டு என்று யோசித்தேன்.

"வெளையாடாத ஜெபமணி. கிளாஸ் நடக்கு."

"நானா வெளையாடுதேன்? குனிஞ்சு பாருங்க மனுஷா!"

குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். துணியின் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதில் வரிசை வரிசையாய் டைமண்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் மூன்று தடவை நெய்ததும் இதைத்தான். இரண்டு தடவை பிரித்ததும் இதைத்தான்.

போனில் டீச்சர் கூப்பிட்டார். "அண்ணா? அண்ணா இருக்கீங்களா?"

"இருக்காரு டீச்சர்," என்றாள் ஜெபமணி. "குழிக்குள்ள இருக்காரு."

இருபது பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கேட்டார். "அண்ணா, உங்க தறியில மிதிச்சா விழுது மேல போகுமா, கீழ போகுமா?"

"கீழ."

"எங்க தறியில மேல போகும். தாள்ல கறுப்புன்னா மேலன்னு அர்த்தம். அதான் உங்களுக்கு நல்ல பக்கம் அடியில வந்திருக்கு. முதல் நாளே கேட்டிருக்கலாமே அண்ணா?"

"கேக்கதுக்கு வாய் வேணும்லா டீச்சர்," என்றாள் ஜெபமணி.

எட்டு நாளும் அப்படியே நெய்தேன். மேலே நான் கோழிக்கால் பார்த்தேன். முழத்துக்கு ஒரு தடவை ஜெபமணி டார்ச்சோடு குழிக்குள் இறங்கி அடியில் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாருக்கு, மேல போங்க" என்பாள். போவேன்.

பண்டிகை அன்று விரிப்பை ஆலயத்தில் கொடுத்தோம். விளக்கு, மணி, விரிப்பு எல்லாம் கோயில்குட்டியார் பொறுப்பு. அவர் அதுவரை பீடத்தில் வெள்ளைதான் விரித்துப் பழக்கம். வெள்ளைப்பக்கம் மேலே வரும்படி அழகாக விரித்துவிட்டார்.

பீடத்தில் கோழி நடந்திருந்தது. எஸ்தர் அக்கா திரும்பி ஜெபமணியைப் பார்த்தார். ஜெபமணி என்னைப் பார்த்தாள். போதகர் "ஜெபிப்போம்" என்றார். சபை கண்ணை மூடியது.

நான் எழுந்தேன். கல்யாண உடன்படிக்கைக்கே "சம்மதம்" என்று நான் சொன்னது போதகர் காதில் விழவில்லை, இரண்டு தடவை கேட்டார். அப்படிப்பட்ட நான் கத்தினேன்.

"நிறுத்துங்க! அது தப்புப் பக்கமாக்கும்! மறிச்சுப் போடுங்க!"

சபை கண்ணைத் திறந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. போதகர் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். விளக்கை இரண்டு பேர் தூக்கினார்கள். கோயில்குட்டியார் விரிப்பை மறித்துப் போட்டார். சிவப்பு. அத்தனை டைமண்டும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றன.

"கொள்ளாமே!" என்றார் எஸ்தர் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு இவ்வளவு சத்தம் உண்டாடே?" என்றார். ஜெபமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு அறுப்பின் பண்டிகைக்கும் கோயில்குட்டியார் விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். "செவப்பு" என்பேன். சபை சிரிக்கும். பிறகுதான் அவர் ஆராதனைக்கு மணி அடிப்பார்.

ஒரு வருஷம் பண்டிகை அன்று எனக்குக் காய்ச்சல். போகவில்லை. விடிந்தும் விடியாமலும் கோயில்குட்டியார் விரிப்போடு என் கட்டில் பக்கத்தில் நின்றார். கூடவே போதகரும். (அவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்.)

"எந்தப் பக்கமாக்கும் தங்கராசு?"

"செவப்பு. ஒமக்குத் தெரியாதாவே?"

"தெரியும். நீ சொன்னியான்னு சபை கேக்கும். சொல்லல்லன்னா மணி அடிக்க விடமாட்டானுவ. அதுக்குத்தான் ஐயரையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன்."