வானத்தில் தொங்கிய மூக்குக் கண்ணாடி

பேரன்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் என் தையல் மெஷினும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "விமானத்தை மட்டும் பார்த்துக்கிட்டு நிம்மதியா இருந்தா. இப்போ ட்ரோன், பறக்கும் டாக்ஸின்னு எல்லாத்தையும் ஒரே வானத்துல விட்டு மேய்க்கச் சொல்றாங்களாம். ஒண்ணோட ஒண்ணு இடிச்சா என் ஒரே பொண்ணு தலையிலதானே விடியும்? பக்குவமா எடுத்துச் சொல்லி பழைய வேலையிலயே இருக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றீர்கள். சொல்லிவிட்டேன். அதாவது, சொல்லத் தொடங்கினேன்.

முடிக்க முடியாததற்குக் காரணம், அவள் வேலை பார்க்கும் விமான நிலையக் கண்ட்ரோல் டவராகவே வீட்டிலும் இருப்பதுதான். புதுப் பிரிவுக்கான தேர்வு வருகிறது என்று சில மாதங்களாக என்னை வைத்தே பயிற்சி. அவள் எதைச் சொன்னாலும் நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிகள் அப்படித்தான் சொல்வார்களாம், அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரியுமாம். "அடுப்பை அணைங்க" என்றால், "அடுப்பை அணைக்கிறேன்." சும்மா தலையாட்டினால், "தலையாட்டறது ரேடியோவுல கேக்காது" என்கிறாள். அவள் சூடான பாத்திரத்தோடு வந்தால் நான் துணி மூட்டையோடு சுவரோரம் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் உங்கள் யோசனையை மெல்ல எடுத்தேன். "முதல்ல நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் யோசனை எனக்கே மறந்துபோயிற்று.

தேர்வு நடப்பது டவரிலேயே, நிஜ விமானங்களை வைத்து. அந்த நாளன்று, பதற்றத்தில் மூக்குக் கண்ணாடியைத் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது இல்லாவிட்டால் தூரத்து மலை தெரியும், எதிரே இருக்கும் திரையில் எழுத்து தெரியாது. இந்தத் தடவை தேறாவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது என்று வேறு சொல்லியிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருக்கோடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து சாலையை அடைத்திருந்தார்கள். ட்ரோன் டெலிவரிக்காரர்களோ விமான நிலையம் பக்கம் வரவே மாட்டோம் என்றார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் வானமே என் பெண்டாட்டி கையில் இருக்கும்போது யார் நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன் மாமா.

பக்கத்து வீட்டுக் கல்யாண போட்டோகிராஃபரிடம் ஒரு ட்ரோன் உண்டு. "அண்ணே, இது கிழம். இப்போ வர்ற ட்ரோனெல்லாம் நான் இன்னாருன்னு தானே டவருக்குச் சொல்லிக்கும். இதுக்கு வாய் கிடையாது" என்றான். "நல்லதாப் போச்சு, சத்தம் காட்டாம போயிட்டு வரட்டும்" என்றேன் நான். கண்ணாடியை நான் தைத்துக் கொடுத்த கிளிப்பச்சைக் கூட்டில் போட்டு, நாடாவால் ட்ரோனில் கட்டி, எங்கள் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டோம்.

சற்று நேரத்தில் டவரில் ஒருவர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "அடையாளம் தெரியாத ட்ரோன்! கீழே கிளிப்பச்சையில ஒரு கூடு தொங்குது!" என்று கத்தியிருக்கிறார். கூட்டின் நிறத்தைக் கேட்டதுமே உங்கள் மகளுக்குக் குலம் கோத்திரமெல்லாம் தெரிந்துவிட்டது. இறங்க வந்த விமானத்தை வட்டமடிக்கவிட்டு, பறக்கும் டாக்ஸியைக் கிளம்பாமல் நிறுத்திவிட்டு, என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"ட்ரோன் ஓட்டறது யாரு?"

"நான்தாம்மா."

"அம்மா இல்லை, டவர். இருக்கிற இடத்துலயே நிறுத்துங்க."

"இருக்கிற இடத்துலயே நிறுத்தறேன்."

"உயரத்தைக் குறைச்சு, ஏரிப் பக்கமா திருப்புங்க."

"உயரத்தைக் குறைச்சு, ஏரிப் பக்கமா திருப்பறேன்."

நான் திருப்பிச் சொல்லச் சொல்ல, போட்டோகிராஃபர் விரலை நகர்த்தினான். ஏரிக்கரையில் ட்ரோன் இறங்கியது.

"மீதியை வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்."

"மீதியை வீட்டுக்கு வந்து பேசிக்கறீங்க" என்று அதையும் திருப்பிச் சொன்னேன்.

மாமா, அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. விமானத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் குரலை நம்பிப் பத்திரமாக இறங்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தால் பாதி, பெருமையால் பாதி. நீங்கள் அந்தக் குரலைக் கேட்டிருந்தால் புது வேலை வேண்டாம் என்று சொல்லவே மாட்டீர்கள். கண்ணாடி இல்லாமல் எப்படிச் சமாளித்தாள் என்கிறீர்களா? தேர்வு வைக்க வந்த அதிகாரியின் கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டாளாம். அவர் பாவம், திரையில் ஒன்றும் தெரியாமல் காதாலேயே தேர்வு நடத்தியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் பேசியதை எழுதமாட்டேன், மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் மானம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள் வானத்தைப் பார்த்தால் போதும். நான் கத்தரியும் துணியுமாகத் தரையிலேயே கிடப்பேன், ட்ரோன் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன். இது சத்தியம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் வேண்டும், எனக்குச் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அவள் ஓடிவந்தாள். தேறிவிட்டாள் மாமா! கூடவே அந்த அதிகாரி ஒன்று சொல்லியனுப்பியிருக்கிறார்: "விதி தெரியாம ட்ரோன் விடற அப்பாவியா நடிக்க ஆள் வச்சு டவர்ல இருக்கறவங்களுக்குப் பயிற்சி கொடுக்கறோம். ஒருத்தரும் உருப்படியா தப்பு பண்ண மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுக்காரரை அனுப்பிவைங்க." வாரத்தில் இரண்டு நாள் வேலை. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆகவே இனி அவளுக்காகக் கவலைப்படாதீர்கள், எனக்காகப் படுங்கள். அங்கே என் மேலதிகாரி உங்கள் மகள்.