லத்திக்கு மெத்தை

காவல் நிலையத்துக்குள் நடந்து போனவர்கள் நொண்டிக்கொண்டு வெளியே வருவது குறித்து மேன்மைமிகு அரசு ஆழ்ந்த கவலை கொண்டது. உயர்மட்டக் குழு அமைந்தது. குழு ஆராய்ந்தது, பரிசீலித்தது, பரிசீலித்ததையும் ஆராய்ந்தது. கடைசியில் மூலகாரணம் அகப்பட்டுவிட்டது: லத்தி ரொம்பக் கெட்டியாக இருக்கிறது.

சோபா தைப்பவரைக் கூப்பிட்டு, எல்லா லத்திகளுக்கும் ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் உறை தைக்கச் சொன்னார்கள். அவருக்கு வயிறெரிந்தது. திருட்டுச் சந்தேகம் என்று கூட்டிப்போய் அவருடைய மச்சானின் கையை முறித்து அனுப்பியது இதே நிலையம்தான். உண்மைத் திருடன் பிறகு அகப்பட்டான். மச்சான் கைதான் இன்னும் நேராகவில்லை.

"ஐயா, அடிக்கிறதையே நிறுத்திட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அது எங்க குழுவோட வரம்புக்குள்ள வராதுப்பா," என்றார் குழுத் தலைவர்.

மச்சானை நினைத்துக்கொண்டு இரட்டைத் தையல் போட்டார், இழுத்தாலும் கழலாதபடி. அதன்பிறகு யார் உடம்பிலும் காயம் தெரியவில்லை. காயம் தெரியாததால் புகார் இல்லை, புகார் இல்லாததால் அடியும் இல்லை என்று அறிக்கை வந்தது. குழுவுக்கு விருது கொடுத்தார்கள். பக்கத்து நிலையத்தில் பூப்போட்ட உறை கேட்டார்கள்.

ஒரு நாள் கடையைத் திறந்தால் தையல் மெஷினைக் காணோம். சோறு போடும் மெஷின். பதறிப்போய்ப் புகார் கொடுத்துவிட்டு, மத்தியானம் மறுபடி நிலையத்துக்குப் போனார்.

"ஆளைப் பிடிச்சாச்சு. வாயைத்தான் திறக்க மாட்டேங்கிறான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சாயங்காலத்துக்குள்ள கேஸை முடின்னு மேலிடம் கழுத்தைப் பிடிக்குது. அலைஞ்சு விசாரிக்க ஆள் இல்ல, ஜீப்புக்கு டீசல் இல்ல. இருக்கிறது இந்த லத்தி ஒண்ணு. அதுக்கும் மெத்தை போட்டுட்டீங்க!"

"அதுக்கென்ன சார், கழட்டிட்டு நல்லா நாலு போடுங்க. என் பொழைப்பே போச்சு!"

"கழல மாட்டேங்குதே."

"இப்படிக் குடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த கத்தரியால் தையலைப் பரபரவென்று பிரித்தார். மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. உறையை உருவிய பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"யாரு சார் அந்தத் திருட்டுப் பய?"

"ஏற்கெனவே இங்க வந்து போனவன்தான். பழைய ஆளை விட்டுட்டு வேற யாரைப் பிடிக்கச் சொல்றீங்க?"

உள்ளறையிலிருந்து பழகிய குரல் வந்தது. "மாமா... நீங்களா பேசுறது?"

சோபாக்காரர் லத்தியை மார்போடு அணைத்துக்கொண்டார். "சார், தெரியாமச் சொல்லிட்டேன் சார்! உறையைத் திருப்பித் தைச்சுக் குடுத்துடுறேன்!"

"தாராளமா தைங்க," என்றார் இன்ஸ்பெக்டர், லத்தியைப் பிடுங்கிக்கொண்டு. "மெஷின் எங்க இருக்குன்னு முதல்ல அவன் சொல்லட்டும்."