டிகாஷன் இறங்கவில்லை, போட் கிளம்பிவிட்டது

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிடுவது மரியாதை, இல்லாவிட்டால் என் தங்கை சொல்வாள். பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவன் நான். சோறு வடிப்பதற்குள் தட்டோடு உட்கார்ந்துவிடுவேன். அந்தமானில், ரங்கத் பஜாரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. காகிதம் முழுதாக வெளியே வருவதற்குள் பிடித்து இழுத்தே இரண்டு மெஷினைக் கெடுத்தவன். (மூன்று. மூன்றாவது பழியை மெக்கானிக் தலையில் கட்டிவிட்டேன்.)

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா, நான், ஹெல்த் சென்டரில் நர்ஸாக இருக்கும் தங்கை தேவி. காலையில் அம்மா பித்தளை ஃபில்டரில் காபிப்பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைப்பாள். நான் பக்கத்தில் நின்று அதன் தலையில் தட்டிக்கொண்டே இருப்பேன்.

"தட்டினா சீக்கிரம் இறங்கிடுமாடா? அது என்ன உன் ஜெராக்ஸ் மெஷினா?" என்பாள் அம்மா.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், இனி இப்படி நின்று சாகமுடியாது, ஒரு காபி மேக்கர் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. உங்கள் அன்றாட வழக்கத்தைச் சொல்லுங்கள், பொருத்தமான மெஷினை நாங்கள் சொல்கிறோம் என்றது. எத்தனை மணிக்கு எழுவீர்கள்? காபிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? எப்படிக் குடிப்பீர்கள்? நான் பதில் எழுதினேன். ஐந்து மணிக்கு எழுவேன். முக்கால் மணி நேரம் ஒதுக்குவேன். நாளிதழ் படித்தபடி நிதானமாக, நண்பர்களோடு குடிப்பேன்.

தேவி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேட்டாள்: "யாருண்ணா இது? உனக்குத் தெரிஞ்சவரா?"

இல்லாத அந்த மனிதருக்குப் பொருத்தமாக அவர்கள் சொன்னது, கண்ணாடி ஜாடியும் காகித வடிகட்டியும் வைத்த பன்னிரண்டு கப் கரண்ட் மெஷின். எங்கள் தீவுக்கு அனுப்பமாட்டோம் என்று விற்பவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதனால் என்ன, மெயின்லேண்ட் போயிருந்த நண்பன் ஒருவன் கப்பலில் கையோடு கொண்டுவந்தான். வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அன்றைக்கே பழைய பாத்திரம் எடுக்கிறவனிடம் பித்தளை ஃபில்டரைத் தள்ளிவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினேன். அம்மா அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றி மெஷினை ஓட்டிப் பார்த்தேன். வெந்நீர் பிரமாதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவியைப் பெண் பார்க்கப் பக்கத்துத் தீவான லாங் ஐலண்டிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே சொந்தமாக மளிகைக் கடை. தேவிக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அவள் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்துக்குப் பிறகும் நர்ஸ் வேலையை விடமாட்டாள். அம்மாவுக்கு இரவில் தூக்கமில்லை. எனக்கோ சட்டுபுட்டென்று முடித்துவிடவேண்டும். போனிலேயே அவர்களிடம், "எங்க வீட்ல காபி மெஷின் காபிதான்" என்று தம்பட்டம் அடித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது இரண்டு போட்டுக்கு நடுவில் நடக்கும். ராகுகாலத்தைக்கூடத் தாஜா பண்ணிவிடலாம், போட் நேரத்தை ஒன்றும் செய்யமுடியாது. மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து இறங்கும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. திரும்பும் போட் இரண்டு மணிக்கு. போட் ஏறும் ஜெட்டிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கமாட்டோம் என்று சாப்பாட்டை மறுத்துவிட்டார்கள். கேசரியும் பஜ்ஜியும் உள்ளே போயின. மிச்சம் காபி. காபித் தட்டோடுதான் பெண் வெளியே வரவேண்டும்.

பன்னிரண்டரைக்கு மெஷினைப் போட்டேன். அம்மாவின் சிக்கரி கலந்த நைஸ் பொடியைக் குவியலாகப் போட்டிருந்தேன். அந்த மெஷினுக்குக் கொரகொரவென்று அரைத்த பொடி வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்ததாம். (பெட்டியைப் படிக்கிற ஆளா நான்?) நைஸ் பொடி காகிதத்தை அடைத்துக்கொண்டது. மேலே தண்ணீர் தளும்புகிறது, கீழே ஒரு சொட்டு விழுகிறது. அடுத்த சொட்டுக்கு நான் சமையலறையை இரண்டு சுற்று சுற்றவேண்டியிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்து கரண்டிக் காம்பால் குத்தினேன். காகிதம் கிழிந்து பொடி மொத்தமும் ஜாடிக்குள் இறங்கியது. கழுவி, வேறு காகிதம் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் வோல்டேஜ் இறங்கி மெஷினின் சிவப்பு விளக்கு மங்கிவிட்டது.

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல் கொடுத்தார். "தம்பி, போட் ரெண்டு மணிக்கு. கொஞ்சம் ஜல்தி பண்ணுங்க."

"தோ மினிட் மாமா." (அவசரத்தில் அவரை அப்போதே மாமா ஆக்கிவிட்டேன்.)

தேவி பட்டுப்புடவையில் வேர்த்து நின்றாள். "அண்ணா, நான் வெறும் கையோட போய்க் கும்பிட்டுட்டு வந்துடறேனே."

"காபி இல்லாம பொண்ணு வெளிய போறதாவது, சும்மா இரு" என்றாள் அம்மா.

"டீ போட்டா என்னம்மா?"

"உங்கண்ணன் அடிச்ச தம்பட்டத்துக்கு டீயைக் கொண்டுபோய் வெச்சா சிரிப்பாங்க."

கூடத்திலும் இதே இழுபறிதான். பெண்ணைப் பார்க்காமல் எழுந்து போனால் வேண்டாம் என்று போனதாக ஊர் பேசும், ஒரு பெண் பிள்ளைக்கு அது கூடாது என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே மூன்றாவது காகிதத்தில் இருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு நாலு டம்ளர் தேறியது. தேவி தட்டோடு போனாள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அடுத்த வாய் குடிக்கவில்லை. அம்மா வேலை விஷயத்தை எடுத்தாள். மாப்பிள்ளை எழுந்து செருப்பைத் தேடியபடியே, "வேலைக்குப் போறது அவங்க இஷ்டம்" என்றார். எனக்குக் காலே தரையில் படவில்லை. ஜெட்டியில் வழியனுப்பும்போதே சரி என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துகொண்டேன்.

ஜெட்டியில் ஆட்டோ நிற்பதற்குள் குதித்தேன். போட் கயிற்றை அவிழ்த்துக் கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தது. கையை ஆட்டினேன். மேல்தட்டில் நின்ற ஒரு குழந்தை திருப்பி ஆட்டியது.

"போட் தோ சலா கயா பாய்" என்றார் ஆட்டோ ஓட்டிவந்த பெங்காலிக்காரர், போட் போய்விட்டது எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தவரைப்போல.

மறுநாள் காலை போட் இருக்கிறதே என்று எல்லோரும் வீடு திரும்பினோம். சாயங்காலம் காற்று எழுந்தது. திங்கட்கிழமை போட் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. கை நனைக்கமாட்டோம் என்றவர்கள் மூன்று நாளும் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். காபிக்கு வழியில்லாமல் டீ குடித்தார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு மெஷினுக்கு ஆசைப்பட்டுத் தங்கை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று கடையைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தேன். மணிக்கொரு தரம் ஜெட்டிக்குப் போன் செய்தேன். கடைசியில் அவர்கள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் வாழ ஆரம்பித்திருந்தார். தண்ணீர்ப் பானை எட்டும் தூரத்தில் இருக்க, பின்கட்டில் துணி துவைக்கும் தன் அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். சோறு குழைந்திருப்பதற்கு, அதை வடித்தது என் அம்மாவாக இருந்தும், அவருடைய அம்மாவைத் திட்டினார். அந்த அம்மாள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தேவி ஒரு பிரசவம் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள்.

"தினமும் இப்படித்தான் லேட்டாகுமா?" என்றார் மாப்பிள்ளை.

"பிரசவம் நம்ம டைமுக்கு வராதுங்களே."

"இங்க இருக்கறவரை சரி. லாங் ஐலண்ட் வந்தா நம்ம கடை இருக்கு. அப்புறம் வேலை எதுக்கு?"

"என் இஷ்டம்னு அன்னைக்குச் சொன்னீங்க."

"அன்னைக்கு போட்டுக்கு டைமாயிடுச்சு. பேச முடியல."

புதன்கிழமை போட் போயிற்று. கிளம்பும்முன் மாப்பிள்ளையின் அம்மா அடுப்படியில் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வேலையை மட்டும் விட்டுடாதம்மா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். அந்த மூன்று நாளில் அவர்கள் தாமாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்ததும் தேவி சொன்னாள்: "எனக்கு இந்த இடம் வேண்டாம்ணா."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பொடி, வோல்டேஜ், காகிதம் என்று ஏதேதோ உளறினேன்.

"நிறுத்துண்ணா. அன்னைக்கு போட் மட்டும் கிடைச்சிருந்தா நீ ஜெட்டியிலயே சரின்னு சொல்லியிருப்பே. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

சொல்லியிருப்பேன்தான். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மெஷினைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றினேன்.

அடுத்த வருடம் தேவி மாயாபந்தரில் ஒரு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றும் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். அந்த மெஷினில் அதன் பிறகு யாரும் காபி போடவில்லை, ஆனால் அதன் புகழ் தீவு முழுதும் பரவிவிட்டது. போன மாதம் திக்லிபூரிலிருந்து சித்தி போன் செய்தாள். அவள் மகளைப் பார்க்க ஹட் பேயிலிருந்து வருகிறார்களாம், அன்றைக்கே கப்பலைப் பிடிக்கவேண்டுமாம்.

"அந்த மெஷினை பஸ்ல குடுத்து விடேன்" என்றாள்.

"சித்தி, அதுல காபியே இறங்காது."

"தெரியும்டா. பையன் போன்ல ரொம்ப இனிப்பாப் பேசறான். அதான் கேட்கறேன்."