வெல்கோவைக் கொன்ற அரட்டைக் குழு

"ரங்கெல் அண்ணே, நான் எப்போ செத்தேன்?"

கறிக்கடை வெல்கோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கையில் ஆறு ரோஜா. அந்த ஊரில் உயிரோடு இருப்பவனுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள். இரட்டைப்படை என்றால் பிணத்துக்கு.

"யாருடா குடுத்தா?"

"பேக்கரிக்காரம்மா. என்னைப் பாத்ததும் பூவை என் கையிலயே திணிச்சிட்டு ஓடிட்டா. உங்க அரட்டைக் குழுவுல என் சாவு அறிவிப்பு வந்திருக்காமே, காட்டுங்க!"

ரங்கெல் போனைக் கையால் மூடிக்கொண்டார். தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் தொடங்கிய ஊர் அரட்டைக் குழு அது. அவருக்கு இப்போது வேலை, பொழுதுபோக்கு, பிள்ளைகுட்டி எல்லாம் அதுதான். காலையில் 'வெள்ளைப்புறா' என்ற பெயரில் யாரோ அதைப் போட்டிருந்தார்கள். கறுப்புக் கட்டம், சிலுவை, தொப்பியும் மீசையுமாக வெல்கோ. அரைப் பார்வைதான் பார்த்தார். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே அதே வெல்கோ பன்றித் தொடையைச் சுமந்துகொண்டு போனான்.

"அழிச்சிட்டேன் தம்பி. சுத்தமா!"

"எனக்குக் காட்டாமலேயா?"

அழித்ததுதான் வினையாயிற்று. மறைக்கிறார்கள் என்றால் உண்மைதான் என்று ஊர் முடிவு கட்டியது. மதியத்துக்குள் கறிக்கடை வாசலில் இடுப்பளவு பூ.

ரங்கெல் உடனே எழுதினார்: 'வெல்கோ உயிரோடு இருக்கிறார். யாரும் இரட்டைப்படையில் பூக் கொண்டுவர வேண்டாம்.'

அவ்வளவுதான். வெல்கோ செத்து, அரைமணி கழித்துத் திரும்பி வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. ஆளுக்கொரு பூவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். கறி மட்டும் யாரும் வாங்கவில்லை. அந்தப் பக்கம் போய்விட்டு வந்த கை பட்ட கறியாயிற்றே!

"எங்க மாமியாரை அங்க பாத்தியா தம்பி? முழங்கால் வலி தேவலையாமா?" என்றாள் பார்க்க வந்த ஒருத்தி.

"அம்மா, நான் எங்கயும் போகல!"

"ஓ, வெளிய சொல்லக்கூடாதுன்னு அனுப்பியிருக்காங்களா?"

மறுநாள் ரங்கெல் வேறு வழி பார்த்தார். வெல்கோவைச் சுவரோரம் நிறுத்தி, அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி கையில் கொடுத்து, படம் எடுத்துக் குழுவில் போட்டார். இரண்டு நாளாக வியாபாரம் இல்லாத முகம் எப்படி இருக்கும்? பத்தே நிமிஷத்தில், வெல்கோவை யாரோ கடத்திவிட்டார்கள் என்று மூன்று போலீஸ் ஜீப்புகள் மோப்ப நாயோடு வந்து இறங்கின. அன்றைக்கு அந்தக் கடைக் கறியைத் தொட்ட ஒரே ஜீவன் அந்த நாய்தான்.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். ஊரில் மொத்தம் ஆயிரம் பேர். கூட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வந்திருந்தார்கள்.

"ரங்கெல் ஐயா," என்றாள் மேயர் ஸ்லாவ்கா, "உங்க குழுவால ஒரு மனுஷன் பிழைப்பே போச்சு."

"மேயரம்மா, விஷமம் பண்ணவன் எவனோ. விளக்குக் கம்பத்துல எவனாவது பொய் நோட்டீஸ் ஒட்டினா, கம்பத்தைக் கைது பண்ணுவீங்களா?"

"கம்பம் எங்க சட்டைப் பையில உக்காந்து கிர்ரு கிர்ருன்னு துடிக்குதா?"

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"வெள்ளைப்புறாங்கிறது யாரு?"

"தெரியாதும்மா."

"பேரு தெரியாத ஆளை உள்ள விட்டது யாரு?"

"...நான்தான்."

"பிறகென்ன? குழுவை மூடணும்ங்கிறவங்க கை தூக்குங்க!"

காடு போலக் கைகள் எழுந்தன. வெல்கோ இரண்டு கையையும் தூக்கினான். ரங்கெலின் கண்கள் கலங்கின. மொத்தக் குழுவையும் அழிக்கும் பொத்தான்மேல் விரலைக் கொண்டுபோனார்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. துணி மூட்டையோடு வெல்கோவின் அம்மா பென்கா. வெந்நீர் ஊற்றில் கால் வலிக்குக் குளிக்கப் போனவள். போன் அங்கேயே தண்ணீரில் விழுந்ததால் மூன்று நாளாக ஊர்ச் சேதி எதுவும் தெரியாது. வரும் வழியில்தான் பஸ் டிரைவரின் போனை வாங்கிக் குழுவை எட்டிப் பார்த்திருக்கிறாள்.

நேராக மகன் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டேய், உங்க தாத்தா வெல்கோ செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு படத்தோட நினைவஞ்சலி போட்டுட்டுப் போனேனே, எந்தக் களவாணிப்பயடா அதை அழிச்சான்?"