பூசைக்குத் தேய்த்த கத்தி

கத்தியில் வேலுவின் மீசை தெரிந்தது. நேற்றுவரை அதில் எதுவுமே தெரிந்ததில்லை.

"கஸ்தூரி! இத என்ன செஞ்ச?"

"ஆயுத பூசைக்கு எல்லாத்தையும்தான் தேய்ச்சேன். புளி பட்டதும் கறுப்பெல்லாம் அப்படியே கழண்டு வந்திருச்சு" என்றாள் மனைவி பெருமையாக. அரிவாள்மனைக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் அதற்கும் குங்குமம் வைத்திருந்தாள்.

"அலமாக்! அது சம்பந்தி வீட்டுக் கத்தி!"

ஜப்பானியப் போரின்போது ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை அறுத்து, பித்தளைப் பிடி போட்டுத் தானே செய்துகொண்டது அது. மலாயாவின் குளுவாங் தோட்டத்தில் தன்னை ஒளித்துவைத்துச் சோறு போட்டவரிடம் அதை விட்டுப்போனானாம். அவர் சம்பந்தி அர்ச்சுனனின் தாத்தா.

"தெப்ராவ்ல என் சிநேகிதர் ரூபேந்திரன் இருக்காரு. பழைய ராணுவச் சாமான்ல புலி. அவர் அசல்னு சொல்லட்டும், கல்யாணத்துல எல்லாருக்கும் காட்டலாம்" என்று வற்புறுத்தி வாங்கி வந்தவர் வேலுதான். அர்ச்சுனன் கொடுக்கத் தயங்கினார். தாத்தா மேல் அவ்வளவு பாசம் என்று வேலு எடுத்துக்கொண்டார்.

இப்போது மகன் கவினின் கல்யாணமே அந்தப் பளபளப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கறுப்புதான் அதோட வயசு. அதப் போய்த் தேய்ச்சிட்டியே!"

"கறுப்புதானே வேணும்? சோயா கிச்சாப் ஊத்துங்க. கோழி எப்படிக் கறுக்குது!"

"யாராவது கத்தியில கிச்சாப் ஊத்துவாங்களா? பேசாம போ லா."

வேலு வினிகரில் ஊறவைத்தார். கத்தி கேரட் நிறத்தில் எழுந்து வந்தது. கட்டங்காப்பியில் முக்கினார். சிறுத்தைபோலத் திட்டுத் திட்டானது. கடைசியில் தேங்காய் மட்டையை எரித்துப் புகை காட்டினார். நிறம் சுமாராக வந்தது. ஆனால் கறி சுடும் சாத்தே கடையிலிருந்து வந்ததுபோல மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனன், மணப்பெண்ணான மகள் லோஷினியோடு வந்தார். ரூபேந்திரன் பூதக்கண்ணாடியோடு வந்தார். கத்தியைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"வடிவம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது போன வாரத்துத் துரு. யாரோ வேணும்னே பழசாக்கியிருக்காங்க. அசல்னு என்னால சொல்ல முடியாது."

அர்ச்சுனன் தலை குனிந்தது. "அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாருன்னு ஆயிடுமா?" என்றார், மிக மெதுவாக.

வேலு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி கத்தியோடு போய்விடும், கல்யாணமும் நடந்துவிடும். கஸ்தூரி முழங்கையால் இடித்துச் சொன்னதும் அதைத்தான். ஆனால் பசித்தவனுக்குச் சோறு போட்ட ஒரு மனிதர், செத்து இத்தனை காலம் கழித்து, இவர் வீட்டு சோபாவில் பொய்யராகிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, தாத்தா பொய் சொல்லல. நாந்தான்..." புளியில் ஆரம்பித்துத் தேங்காய் மட்டைவரை சொல்லி முடித்தார். "கோபத்த என்மேல காட்டுங்க. புள்ளைங்க கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

அர்ச்சுனன் கத்தியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தும் அவருக்கு வியர்த்தது.

அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த லோஷினி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"மாமா, நீங்க தேங்காய் மட்டையோட நிறுத்திட்டீங்க. போன வருஷப் பூசைக்கு அம்மா இதத் தேய்ச்சப்ப, அப்பா ஒரு போத்தல் கிச்சாப்பையே ஊத்துனாரு!"