கேட்டின் மேல் ஓர் அழைப்பு

எனக்குப் பிடிவாதம் அதிகம். புத்தி அதற்குத் துணை வருவதில்லை. செவிலிமேட்டில் எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியபோதே இது எல்லோருக்கும் தெரியும். (வேறு யாரும் கிடைக்கவில்லை.)

நாங்கள் மனை வாங்கி வீடு கட்டுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே ஏரிக்கரையில் வாழ்பவர்கள் இருளர்கள். நாங்கள் வந்து செய்த முதல் காரியம், அவர்கள் பஸ் ரோட்டுக்கு வரும் பாதையில் இரும்பு கேட் போட்டுப் பூட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஏரியைச் சுற்றித்தான் போனார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளையார் கோயில் ஆண்டு விழாவில் அவர்களை இந்த மண்ணின் முதல் குடிகள் என்று அறிவித்து, பரிவட்டம் கட்டி, கேட் சாவியை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றேன்.

"பரிவட்டம் வருஷா வருஷம் எனக்குத்தானேப்பா கட்டறது," என்றார் சங்கத் தலைவர்.

விடுவேனா? கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். மனிதர் களைத்துப்போய்ச் சம்மதித்தார்.

விழாவன்று வாழைமரம், மைக், நாதஸ்வரம் எல்லாம் தயார். மாமனார் தன் தறியில் நெய்து தந்த பட்டு வேட்டியில் நானும் தயார். மேடைத் தட்டில் மாலை, பரிவட்டம், சாவி. முன்வரிசை நாற்காலிகள் மட்டும் காலியாக இருந்தன. அப்போதுதான் என் மனைவி கேட்டாள், "அவங்களுக்கு யாரு போய்ச் சொன்னது?"

வெற்றிலை பாக்குத் தட்டோடு நகரில் ஒரு வீடு விடாமல் போய் அழைத்தவன் நான்தான். கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். நகர் அங்கேதானே முடிகிறது.

ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. சாவியோ மேடையில் மாலைக்கு அடியில். திரும்பிப் போய் எடுத்தால் மானம் போகும் என்று ஏறினேன். உச்சிக் கம்பியில் வேட்டி மாட்டிக்கொண்டது. மானம் அங்கேயே போய்விட்டது.

வாரம் தவறாமல் எங்கள் வாசலில் மீன் விற்கும் செல்வியக்கா, அந்தப் பக்கம் விறகோடு வந்தவர், நிமிர்ந்து பார்த்தார். தொங்கிய இடத்திலிருந்தே ஒரு கையால் கும்பிட்டேன்.

"விழாவுக்குக் குடும்பத்தோட அவசியம் வரணும்கா. உங்களுக்குத்தான் முதல்ல பரிவட்டம்."

"கேட்டு பூட்டி இருக்குதே சார். எப்டி வர்றது?"

"சாவிய உங்களுக்குக் குடுக்கத்தான் மேடைல வெச்சிருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. "இத்தினி வருசமா சுத்திக்கினுதான் போறோம். இன்னிக்கும் சுத்திக்கினு வரணுமா? சாவி இங்க வரட்டும் சார்."

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"தட்ட எடுத்துக்கினு மேளத்தையும் கூட்டிக்கினு கேட்டாண்ட வாங்க. வர்ற வரைக்கும் நான் இறங்க மாட்டேன்." (இறங்கவும் முடியாது.)

நகரே வந்தது. அந்தப் பக்கம் ஏரிக்கரையே வந்தது. தலைவர் என்னை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். கம்பிக்கு ஊடாகச் சாவியை நீட்டினார். செல்வியக்கா பூட்டைத் திறந்து தள்ள, கேட் என்னையும் சுமந்துகொண்டு திறந்தது. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசிப்பை நிறுத்திவிட்டார். குருக்கள் அந்த இடத்திலேயே செல்வியக்காவுக்குப் பரிவட்டம் கட்டினார். அதன் பிறகுதான் என்னை இறக்கினார்கள்.

அந்த கேட்டுக்கு இன்றுவரை பூட்டு இல்லை. போன மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

"பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"